நத்தையையும் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்: துறைமுக ஆணையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் தூத்துக்குடிக்காரன். கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். அத்தனை வருடமும் மாணவர்களுக்கு நத்தையை அறுத்துக் காட்டியிருக்கிறேன். எந்த நத்தை என்று கேளுங்கள். குளத்திலும் வயலிலும் கிடைக்கிற பைலா. பாடத்திட்டத்தில் அதுதான் இருந்தது. ஆய்வகத்து ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும், மேசை மேல் குளத்து நத்தை கிடக்கும். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்கு உறைக்கவே பல வருடம் ஆனது.

புகார் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கோரிக்கைதான். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடலைக் கண்காணிக்கும் திட்டத்தில் கடல் நத்தைகளையும் முறையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பல்களின் அடியில் பூசும் பெயின்டிலிருந்து இறங்கிய விஷம் இங்கே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலில் எதைப் போட்டாலும் அதில் ஏதாவது ஒட்டும். முதலில் வழவழப்பு, அப்புறம் பாசி, அப்புறம் கொட்டலசு, அதாவது கெட்டி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிரினம். வள்ளம் வைத்திருப்பவருக்கும் இது தெரியும், பெரிய கப்பலின் கேப்டனுக்கும் தெரியும். அடியில் கொட்டலசு ஏறினால் கப்பல் இழுக்கும், எண்ணெய்ச் செலவு எகிறும். அந்தக் காலத்தில் மரக்கப்பல்களுக்குச் செம்புத் தகடு அடித்தார்கள். பிறகு செம்பு கலந்த பெயின்ட். 1960களில் அந்தப் பெயின்டுக்குள் ஒரு புதுச் சரக்கு வந்தது: டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டிபிடி. வெள்ளீயத்தோடு கரிமச் சங்கிலிகளைக் கோத்த ஒரு சேர்மம். 1970களில் அதை இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள். டிபிடியைப் பெயின்டின் பிசினோடு வேதிமுறையில் பிணைத்துவிட்டார்கள். கடல்நீர் பட்டுப் பட்டு மேல் அடுக்கு மெல்லக் கரையும், விஷம் சீராகக் கசியும், அடுத்த அடுக்கு வெளியே வரும். கப்பலை ஐந்து வருடம் வரை உலர்துறையில் ஏற்றாமல் ஓட்டலாம். கப்பல்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். அதை மறுக்க முடியாது.

கொட்டலசுக்கு வைத்த விஷம் கொட்டலசோடு நிற்கவில்லை.

முதலில் கையைக் கடித்தது பிரான்சில். அங்கே ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு பெரிய தொழில். 1970களின் கடைசியில் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டாமல் போயின. வளர்ந்த சிப்பிகளின் ஓடு தடித்து, உள்ளே அறை அறையாகப் பிரிந்து, அறைக்குள் கூழ் மாதிரி ஏதோ நிறைந்தது. விற்க முடியாத சரக்கு. உல்லாசப் படகுகளின் பெயின்ட்தான் காரணம் என்று தெரிந்ததும் 1982 ஜனவரியில் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு டிபிடியைத் தடை செய்தது. சிப்பி பணம் தருகிற உயிரினம், அதனால் அதன் குரல் சட்டென்று கேட்டது.

நத்தையின் கதை வேறு. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகம், 1970. ஸ்டீபன் பிளேபர் என்ற ஆய்வாளர் பாறைகளில் இருந்த நாய் நத்தைகளைப் பார்த்தார். நம் முள்ளிச் சங்கின் குடும்பம்தான், அளவில் சின்னது, கொட்டலசையும் மட்டியையும் துளைத்துத் தின்னும். பெண் நத்தைகளுக்கு வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆணுறுப்பு போல ஒன்று முளைத்திருந்தது. அடுத்த வருடமே அமெரிக்காவில் பி.எஸ்.ஸ்மித் வேறொரு நத்தையில் இதைக் கண்டு ‘இம்போசெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெண் உடல் மேல் ஆண் உறுப்பு வந்து ஏறிக்கொள்வது. படகுத் துறைக்குப் பக்கத்தில் அதிகம், தள்ளிப் போனால் குறைவு. காரணம் பெயின்டில் இருக்கும் டிபிடி என்று ஸ்மித் எழுதியது 1981இல்தான். பிளிமத்தின் கடல் உயிரியல் சங்க ஆய்வகத்தில் ஜெஃப்ரி பிரையனும் பீட்டர் கிப்ஸும் அவர்களுடன் இருந்தவர்களும் தென்மேற்கு இங்கிலாந்துக் கரை முழுக்க நத்தைகளைச் சேகரித்து 1986இல் வலுவான ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். 1987இல் பிரிட்டன் சின்னப் படகுகளுக்குத் தடை போட்டது.

கணக்குப் பாருங்கள். நத்தை சொன்னது 1970. சட்டம் கேட்டது 1987. இடையில் 17 வருடம். அந்த 17 வருடத்தில் பல கரைகளில் நாய் நத்தையே இல்லாமல் போய்விட்டது.

எவ்வளவு விஷத்துக்கு இந்தக் கதி? ஒரு லிட்டர் நீரில் 1 நானோகிராம் அளவிலேயே, அதற்குக் கீழேயும், மாற்றம் தொடங்கிவிடுகிறது. இந்த எண் வகுப்பில் யாருக்கும் மண்டையில் ஏறாது. அதனால் நான் இப்படிச் சொல்வேன்: ஒரு கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், பத்து மீட்டர் ஆழம் உள்ள கடல் துண்டு ஒன்றை வெட்டி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு கிராம் டிபிடியைக் கரைத்தால் வருவதுதான் அந்த அளவு. ஒரு கிராம் என்றால் ஒரு சிட்டிகை உப்பைவிடக் கொஞ்சம் கூடுதல்.

இந்த அளவை நீரில் நேரடியாக அளக்க நல்ல கருவியும் கைதேர்ந்த ஆளும் வேண்டும். அளந்தாலும் கிடைப்பது அந்த நேரத்துக் கணக்கு மட்டும். காலையில் ஒரு கப்பல் போயிருக்கலாம், நேற்று பெரிய கடலேற்றம் வந்து அலசிவிட்டிருக்கலாம். நத்தை அப்படியில்லை. ஒரே பாறையில் வருடக்கணக்கில் ஊர்ந்து, அந்த நீரையே உடலில் வாங்கி, தின்ற கொட்டலசு வழியாகவும் வாங்கி, எல்லாவற்றையும் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒருமுறை முளைத்த உறுப்பு நீர் சுத்தமானாலும் பெரும்பாலும் மறைவதில்லை. வாழ்நாள் பதிவு.

அந்தப் பதிவை எண்ணாகவும் மாற்றலாம். பெண்ணின் விந்துக்குழாய் எவ்வளவு தூரம் உருவாகியிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 6 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 0 என்றால் இயல்பான பெண். 4 வரை முட்டையிடும். 5இல் அந்தக் குழாயின் திசு வளர்ந்து முட்டை வெளியே வரும் வாயையே அடைத்துவிடும். 6இல் முட்டைப் பைகள் உள்ளேயே சிக்கி மக்கிக் கிடக்கும், கடைசியில் அந்தப் பெண்ணே செத்துப்போகும். ஒரு இடத்துப் பெண்களின் சராசரி மதிப்பெண்தான் அந்த இடத்தின் கணக்கு. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு பல வருடமாக இப்படித்தான் கரைகளைக் கண்காணிக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் கென்ட் கரையில் டம்ப்டன் என்ற இடத்து நத்தைகள் மட்டும் அழியாமல் தப்பித்தன. கிப்ஸ் போய்ப் பார்த்தால், அங்கே ஆண்கள் சிலவற்றுக்கே ஆணுறுப்பு ஒழுங்காக வளரவில்லை. பிறவிக் குறை. அந்தக் குறை இருந்த பெண்களுக்கும் அது முளைக்கவில்லை, அதனால் முட்டையிட்டுப் பிழைத்துக்கொண்டன. ஊனம் காப்பாற்றிய ஊர்! இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு வெகுநாள் பல விளக்கங்கள் இருந்தன. 2004இல் ஜப்பான் ஆய்வாளர்கள், டிபிடி நத்தையின் உயிரணுவில் ரெட்டினாய்டு எக்ஸ் என்ற ஏற்பியில், அதாவது கட்டளையை வாங்கும் புரதத்தில், போய் உட்கார்ந்து தவறான கட்டளையைக் கிளப்புகிறது என்று காட்டினார்கள். இப்போது பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுவது அதுதான்.

சரி, இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு? இந்தியாவுக்கு இது புதிதில்லை. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1999இலேயே குரோனியா கொங்கணென்சிஸ் என்ற நத்தையில் இம்போசெக்ஸைப் பதிவு செய்தார்கள். 2006இல் ஜைரினியம் நட்டேட்டர் என்ற இன்னொரு நத்தையை இந்தியக் கரையில் இம்போசெக்ஸைக் காட்டித்தர ஏற்ற உயிரினமாக முன்வைத்தார்கள். ஆக, கால் நூற்றாண்டாக நம் கையில் இருக்கிற அறிவு இது.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். “அதைத்தான் தடை செய்தாச்சே?” ஆமாம். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001 அக்டோபரில் உடன்படிக்கை கொண்டுவந்தது, 2008 செப்டம்பர் 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2014இல் வணிகக் கப்பல் சட்டத்தைத் திருத்தி இதற்கு இடம் செய்தது. நல்ல காரியம். ஆனால் மூன்று விஷயம் மிச்சம் இருக்கிறது.

முதலாவது சேறு. நீரில் டிபிடி சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் சிதைந்துவிடும். காற்றுப் புகாத சேற்றில் போய்ப் படிந்தால் வருடக்கணக்கில், சில இடங்களில் பத்து இருபது வருடம் கூடக் கிடக்கும். நம் துறைமுகம் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டது 1974இல். கரைந்து கரைந்து விஷம் கக்கும் அந்தப் பெயின்ட் உலகம் முழுக்கப் பரவியதும் அதே பத்தாண்டில்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. தடை வரும்வரை வந்துபோன கப்பல்கள் விட்டுச்சென்றது எதுவோ, அது இந்தத் துறைமுகத்துச் சேற்றுக்குள் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆழப்படுத்தத் தூர்வாரும்போது அந்தச் சேறு கிளறப்படும், அள்ளிய சேற்றை வேறெங்கோ கொட்ட வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் தொடங்கிவிடுகின்றன. அந்த 21 தீவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பழைய பூச்சு. உடன்படிக்கை, பழைய டிபிடி பூச்சைச் சுரண்டாமல் அதன் மேல் தடுப்புப் பூச்சு அடித்து மூடிவிடவும் இடம் கொடுத்தது. மூடியது எங்காவது பெயர்ந்தால், அல்லது பழுது பார்க்கும் இடத்தில் சுரண்டினால், அடியில் இருப்பது வெளியே வரும்.

மூன்றாவது, சின்னப் படகுகள். பன்னாட்டுப் பயணம் போகும் 400 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குத்தான் ஆய்வும் சான்றிதழும். 24 மீட்டருக்கு மேல் இருந்து அந்த டன் கணக்குக்குள் வராதவற்றுக்கு உரிமையாளரின் உறுதிமொழித் தாள் போதும். நம் ஊர் விசைப்படகுகளும் வள்ளங்களும் இந்தக் காகிதங்களுக்குள் வரவே வராது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று படகு உரிமையாளருக்கே தெரியாது, கடைக்காரர் கொடுத்ததைப் பூசுவார். நான் மீனவர்களைக் குற்றம் சொல்லவில்லை. டப்பாவில் புரிகிற தமிழில் எழுதியிருந்தால்தானே அவர்களும் பார்த்து வாங்க முடியும்.

இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் விசாரிக்கக்கூடிய சாட்சிதான் நத்தை. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் சல்லம் வோ என்ற எண்ணெய்த் துறைமுகம் இருக்கிறது. அங்கே 1987 முதல் நாய் நத்தைகளைப் பார்த்துவந்தார்கள். சின்னப் படகுத் தடை வந்த இடங்களில் நத்தைகள் தேறத் தொடங்கின, டேங்கர்கள் வரும் அந்த இடத்தில் வெகுகாலம் தேறவில்லை. பெரிய கப்பல்களுக்கும் தடை வந்த பிறகுதான் அங்கே நிலைமை சீரானது. எந்தச் சட்டம் எங்கே வேலை செய்கிறது என்பதை நத்தை பிரித்துக் காட்டியது. ஒரு துறைமுக நிர்வாகத்துக்கு இது நல்ல செய்தியாகவும் வரலாம் என்பதைக் கவனியுங்கள். நம் நத்தைகள் நன்றாக இருந்தால் அதைவிட நல்ல சான்றிதழ் உங்களுக்கு வேறு என்ன?

இனி, செய்வது எப்படி என்று எனக்குத் தோன்றுவது.

அலைதடுப்புச் சுவர்க் கற்களிலேயே கொட்டலசு தின்னும் சின்னப் பாறை நத்தைகள் இருக்கின்றன. மீன்பிடித் துறைமுகம், படகு பழுது பார்க்கும் இடங்கள், துறைமுகத்தின் உள்பக்கம், வெளிப்பக்கம், அப்புறம் கப்பல் வாடையே இல்லாத ஒரு தூரத்துக் கரை. எல்லா இடத்திலும் கிடைக்கிற ஒரே இனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் வளர்ந்த நத்தை ஒரு 40 போதும். நத்தையின் ஓட்டை இறுக்கி உடைக்க ஒரு பெஞ்ச் வைஸ், பார்க்க ஒரு சாதாரண நுண்ணோக்கி, அளக்க ஒரு வெர்னியர். முட்டைப் பை செய்யும் சுரப்பி இருந்தால் பெண். உணர்கொம்புக்குப் பின்னால் பார்த்து அளவும் மதிப்பெண்ணும் எழுத வேண்டியதுதான். இளங்கலை மாணவர்கள் ஒரு வாரப் பயிற்சியில் செய்துவிடுவார்கள். நத்தை காட்டும் இடத்தில் மட்டும் சேற்றையும் சதையையும் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், செலவு அங்கேதான்.

ஆழக் கடல் நத்தைகளுக்கு நீங்கள் தனியாக ஆள் இறக்கவே வேண்டாம். நண்டு வலையில் முள்ளிச் சங்கும் மற்ற சங்குகளும் சிக்குவது தினசரி நடப்பது. ஓடு அலங்காரப் பொருளுக்கும் நகம் ஊதுபத்திக்கும் போகிறது. எந்த இடத்தில் வலை விரித்தார்கள் என்று ஜிபிஎஸ்ஸில் குறித்து, நத்தைக்குக் காசும் கொடுத்தால் மீனவர்களே கொண்டுவந்து தருவார்கள்.

சங்கு குளிப்பவர்களை இதில் சேர்க்கச் சொல்லி நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். என் தாய்மாமா சங்கு குளித்தவர். சங்கின் முட்டைக் கொத்துக்கு எங்கள் பக்கம் சங்குப்பூ என்று பேர். மணலில் நட்டுவைத்த மாதிரி நிற்கும். எந்தப் பாரில், அதாவது கடலடித் திட்டில், சங்குப்பூ நிறையக் கண்டார், எந்தப் பாரில் வருடாவருடம் குறைந்தது என்று அவர் விரல்விட்டுச் சொல்வார். யாரும் எழுதி வைக்கவில்லை, நானும் சேர்த்துத்தான். சங்கும் நாய் நத்தை மாதிரியே: குஞ்சு முட்டைப் பையிலிருந்து ஊர்ந்துதான் வெளியே வரும், நீரில் மிதந்து தூரம் போகாது. ஒரு இடத்தில் அற்றுப்போனால் பக்கத்திலிருந்து வந்து நிரப்பச் சீக்கிரம் ஆள் இல்லை. சங்குக்கும் இம்போசெக்ஸ் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். சங்கு வலம்புரியா இடம்புரியா என்று நூற்றாண்டுகளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஊர் இது. உள்ளே இருந்த உயிரைப் பார்க்கவில்லை.

சில எச்சரிக்கைகளும் சொல்லிவிட வேண்டும். பிளிமத்து அளவுகோலை அப்படியே எடுத்து நம் நத்தை மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு இனத்துக்கும் உணர்திறன் வேறு, அதனால் முதல் இரண்டு வருடம் நம் இனத்தைப் புரிந்துகொள்ளவே போகும். ஒட்டுண்ணிப் புழு தாக்கிய நத்தைகளின் இனப்பெருக்க உறுப்புகள் சிதைந்திருக்கும், அவற்றைக் கணக்கில் தள்ளிவிட வேண்டும். வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் சங்கு இனங்களைத் தொடக் கூடாது. தீவுப் பக்கம் எடுப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

இன்னொன்று, இந்தச் சாட்சிக்குத் தெரிந்தது டிபிடியும் அதன் நெருங்கிய உறவான டிரைஃபீனைல் டின்னும்தான். செம்பு, எண்ணெய், சாம்பல், சூடான நீர், சாக்கடை, இதையெல்லாம் பற்றி இம்போசெக்ஸ் எதுவும் சொல்லாது. டிபிடிக்குப் பதிலாக வந்த பெயின்டுகளும் விஷம் இல்லாதவை அல்ல. செம்போடு துணைக்கு வேறு கொல்லிகளைச் சேர்க்கிறார்கள். அதில் ஒன்றான சைபியூட்ரினை 2023 ஜனவரி 1 முதல் பன்னாட்டு அமைப்பே தடைப் பட்டியலில் போட்டுவிட்டது. அவற்றைத் தேட வேறு முறைகள் வேண்டும். நத்தை நன்றாக இருக்கிறது, ஆகவே கடல் நன்றாக இருக்கிறது என்று யாராவது அறிக்கை எழுதினால், அதை முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தூர்வாரும் பணிக்கு முன்பே ஒரு அடிப்படைக் கணக்கெடுப்பு. பணி முடிந்தபின் அதே இடங்களில் இன்னொன்று. பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. முடிவு எதுவானாலும் தமிழில், எண்களோடு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஊரிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, விலங்கியல் சொல்லித்தரும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. உள்துறைமுகத்துக் கற்களில் இறங்க உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு மாணவனும் கால் வைக்க முடியாது. அந்த அனுமதியும், சேற்றைச் சோதிக்கக் கொஞ்சம் பணமும் உங்கள் கையில் இருக்கிறது.

என் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய பெஞ்ச் வைஸ் கிடக்கிறது. துரு எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை வரச் சொன்னாலும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி